நான்காவது கொக்கி

வாசலில் மாட்ட வேண்டிய பலகை தயாராகிவிட்டது. பெயின்டர் நேற்றே கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார். வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து. மேலே ‘குழந்தைகள் காப்பகம்’. அதன் கீழே ‘பொறுப்பாளர்’ என்று எழுதி, பக்கத்தில் வெறும் வெள்ளை.

“பேரைச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல எழுதிடுவேன்” என்றார் பெயின்டர்.

மூத்த மருமகள் இளையவளைப் பார்த்தாள். இளைய மருமகள் மூத்தவளைப் பார்த்தாள்.

“நீயே இரும்மா.”

“ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்களே இருங்க அக்கா.”

பெயின்டர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாடியில் குடும்பம், கீழே காப்பகம். பதினொரு வருடங்களாகப் பலகை இல்லாமலே நடந்தது. ஆரம்பித்தவள் மூத்தவள். இந்த வருடம் புதுச் சட்டம் வந்தது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் என்றால் ஓர் ஆளுக்கு நான்கு பேர்தான். அதற்காக இரண்டு குழந்தைகளை அனுப்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு குழந்தையின் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுததை மூத்தவள் இன்னும் மறக்கவில்லை.

பொறுப்பாளராக இருப்பவர் குழந்தை வளர்ப்பில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. மூத்தவள் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். இளையவள் அதே படிப்பைப் படித்து, ஒரு பெரிய கம்பெனியின் காப்பகத்தில் வேலை பார்த்து, பிரசவத்துக்குப் பின் இங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

ஆனால் ஒரு சலுகையும் இருந்தது. பத்து வருடங்களுக்கு மேல் காப்பகம் நடத்தியவருக்குப் பட்டம் தேவையில்லை. பட்டம் பெற்ற ஒருவர், அதிகாரியின் முன்னால் நின்று அவருக்காகச் சொன்னால் போதும். வீட்டில் பட்டம் பெற்றவள் ஒருத்திதான். எனக்காகச் சொல்வாயா என்று அவளிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மூன்று வாரங்களாக மூத்தவளின் தொண்டைக்குள்ளேயே நின்றது.

அதிகாரி இன்று வருகிறார்.

“கேட்டியா?” என்றார் மூத்தவளின் கணவர். அவர் எலக்ட்ரீஷியன். கையில் போனும் சார்ஜரும் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாகக் குனிந்திருந்தார்.

“என்ன கேக்கணும்?”

“வாயைத் திறந்தா முத்து கொட்டிடுமா? ஒரு வார்த்தை கேளேன்.”

“கேட்டு நான் தாழ்ந்து போகணுமா? அவளுக்கே ஆசை இருக்கு. பேச்சுலதான் தேன்.”

“உனக்கு ஆசை இல்லையா?”

“எனக்கென்ன ஆசை? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல.”

அவர் சாக்கெட் மூடியை நகத்தால் நெம்பினார். “சட்டத்துக்குப் பயந்து நான்தான் எல்லாத்துக்கும் மூடி போட்டேன். இப்ப எனக்கே கழட்டத் தெரியல. குழந்தைங்க நல்லா கழட்டுதுங்க.”

அவள் சிரிக்கவில்லை. படி இறங்கும்போது முன்னறைச் சுவரில் இளையவளின் கண்ணாடி போட்ட பட்டம் தெரிந்தது. அதற்கு ஆணி அடித்துக் கொடுத்ததும் இந்த மனுஷன்தான்.

முன்பெல்லாம் பெற்றோர் அவளிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். இப்போது இளையவளிடம் போய், “மேடம், இவனுக்கு இன்னும் பல் வரல, பரவாயில்லையா?” என்கிறார்கள். பரவாயில்லை என்று பதினொரு வருடங்களாக மூத்தவள் சொன்ன அதே பதிலைத்தான் அவளும் சொல்கிறாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தால் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார்கள். மூத்தவள் அதைக் கேட்டுக்கொண்டே பால் பாட்டில்களைக் கழுவுவாள். பாட்டில்களில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகள் இளையவள் எழுதியவை. கோடு போட்டதுபோல நேரான எழுத்து. அந்த நேர்த்திகூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

இதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவள் தயாராக இல்லை. நியாயம் என்றே வைத்திருந்தாள்.

*

பின்னறை கைக்குழந்தைகளுடையது. நான்கு தொட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் ஒரு மரக் கொக்கி. முதல் மூன்று கொக்கிகளில் எப்போதும் மூன்று அம்மாக்களின் சட்டைகள் தொங்கும்.

அது மூத்தவள் கண்டுபிடித்த வழி. ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் திங்களன்று கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லிவிடுவாள். தூங்க வைக்கும்போது அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அதன்மேல் குழந்தையைச் சாய்ப்பாள். குழந்தை மூக்கைத் தேய்க்கும். தன் அம்மாவின் தோள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடும். பிறகு வெறும் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, சட்டையைத் திரும்பக் கொக்கியில் மாட்டுவாள். தொட்டிலுக்குள் துணி எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம் இப்போதுதான் சொல்கிறது. அவள் எப்போதுமே வைத்ததில்லை.

குழந்தைகளுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். எல்லாரையும் முறைத்துப் பார்க்கும் ஜட்ஜ். அழ ஆரம்பித்தால் தெரு முழுக்கக் கேட்கும் அலாரம். எப்போதும் மெத்தென்று இருக்கும் பஞ்சு. நான்காவது தொட்டிலில் மிளகு. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்ததால் அந்தப் பெயர். மிளகு, இளையவளின் மகள்.

அம்மாவே காப்பகத்தில் வேலை செய்தாலும், தன் குழந்தை இருக்கும் அறையில் அவள் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று சட்டம். மற்றக் குழந்தைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவாளாம். அதனால் இளையவளும் உதவிக்கு வரும் பெண்ணும் முன்னறையில், நடக்கும் வயதுக் குழந்தைகளோடு. மிளகு பின்னறையில், பெரியம்மாவோடு.

மிளகு அந்த அறைக்கு வந்த முதல் நாள், மூத்தவள் இளையவளிடமும் ஒரு சட்டை கேட்டாள்.

“எதுக்குக்கா? நான் பக்கத்து ரூம்லதானே இருக்கேன்” என்று அவள் சிரித்துவிட்டாள்.

மூத்தவள் இன்னொரு முறை கேட்கவில்லை. தன்னுடைய பழைய சாம்பல் நிறச் சட்டையை, இரண்டாவது பட்டன் இல்லாததை, நான்காவது கொக்கியில் மாட்டினாள். சாயங்காலம் இளையவள் மகளைத் தூக்க வரும் முன் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுவாள். ஏன் வைக்கிறோம் என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

நேற்று சுத்தம் செய்த அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாள்.

இன்று காலை பின்னறைக்குள் நுழைந்ததும் சோப்பு வாசனை அடித்தது. நான்கு கொக்கிகளிலும் சட்டைகள் இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் தொங்கின. நான்காவதும்.

“நான்தான் துவைச்சேன் அக்கா” என்றாள் இளையவள், நடுவே இருந்த பாதிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி. “நல்ல சுடுதண்ணியில. துணி எல்லாம் தினமும் துவைக்கணும்னு இருக்கு. அதிகாரி வந்து அழுக்குச் சட்டையைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“நாலையுமா?”

“நாலையும்.”

அதைச் சொல்லும்போது அவள் மூத்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பந்தைப் பார்த்தாள். சாம்பல் சட்டை யாருடையது என்று அவள் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

மூன்று வாரங்களாகக் கேட்காத அந்த வாக்கியமும் அங்கேயே நின்றுவிட்டது.

*

அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களில் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கேட்டின் தாழை இழுத்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜுக்குள் எவ்வளவு குளிர் என்று பார்த்தார். பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து, பொம்மைகளை ஒவ்வொன்றாக அதற்குள் விட்டுப் பார்த்தார். அதற்குள் புகும் எதுவும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் புகும்.

ஒரு மர வாத்து குழாயின் வாயில் நின்றது. அதன் சக்கரம் மட்டும் கழன்று உள்ளே விழுந்தது.

“இது வேண்டாம்” என்றார்.

“சரிங்க மேடம்” என்றாள் இளையவள், உடனே. விதிகள் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அதிகாரி ஒரு கேள்வியை ஆரம்பிக்கும்போதே அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். மூத்தவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். தன் வீட்டிலேயே தான் விருந்தாளி மாதிரி இருந்தது அவளுக்கு.

மதியத் தூக்கத்துக்கான நேரம். அதிகாரி பின்னறைக்கு வந்து ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். “நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இல்லைன்னு நினைச்சுக்கோங்க.”

முதலில் அலாரம் அடித்தது. மூத்தவள் முதல் கொக்கியிலிருந்த சட்டையைத் தோளில் போட்டு அவனைச் சாய்த்தாள். அவன் மூக்கைத் தேய்த்தான். நிறுத்தினான். முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான், ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல. பிறகு இன்னும் பலமாக அழுதான்.

ஜட்ஜ் எழுந்துகொண்டான். பஞ்சுவும் சேர்ந்துகொண்டாள். ஒருவனைப் படுக்க வைத்து ஒருத்தியைத் தூக்கினால் மற்றவன் அழுதான். மூத்தவளின் முதுகில் வியர்வை ஓடியது. பதினொரு வருடங்களில் ஒரு மதியம்கூட இப்படி ஆனதில்லை.

“வழக்கமா இப்படித்தானா?” என்றார் அதிகாரி.

“இல்லைங்க மேடம்.”

சத்தத்தில் மிளகும் சிணுங்கினாள். மூத்தவள் அவளைத் தூக்கினாள். தோளில் சட்டை எதுவும் இல்லை. மிளகு அவள் கழுத்து வளைவில் மூக்கைப் புதைத்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், தூங்கிப்போனாள். அவ்வளவுதான். மூன்று குழந்தைகள் கத்திக்கொண்டிருக்கும் அறையில்.

சட்டை வேண்டியிருக்கவில்லை. சட்டையில் இருந்த ஆளே இருந்தாளே.

மூத்தவளுக்குள் ஏதோ இனித்தது. நிமிர்ந்தாள். பாதிக் கதவில் கைகளை ஊன்றி இளையவள் நின்றிருந்தாள். முகத்தில் எதுவும் இல்லை. கைகள் மட்டும் கதவை இறுக்கிப் பிடித்திருந்தன. அதைப் பார்த்ததும் இனிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. அதற்காக மூத்தவள் வெட்கப்படவும் செய்தாள், ஆனால் உடனே இல்லை.

“இது உங்க குழந்தையா?” என்றார் அதிகாரி.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். மூத்தவள் அந்த நொடியைக் கொஞ்சம் நீட்டினாள்.

“என்னோடது மேடம்” என்று கதவிலிருந்து குரல் வந்தது.

அதிகாரி இரண்டு பேரையும் பார்த்தார். “அப்ப மத்த மூணு பேரும் ஏன் தூங்கல?”

மூத்தவளின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. சட்டையைத் துவைச்சுட்டா மேடம், படிச்சவ. இதைச் சொன்னால் போதும். பலகையில் யார் பெயர் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அவள் வாயைத் திறந்தாள்.

“நான்தான் காரணம் மேடம்” என்றாள் இளையவள். “அந்தச் சட்டைங்க அம்மாக்களோடது. துவைக்காம வச்சிருப்பாங்க அக்கா. நான் நேத்து துவைச்சுட்டேன். விதியில துணி எல்லாம் துவைக்கணும்னு இருந்துச்சு.”

“துவைக்காத சட்டையா? எதுக்கு?”

“அம்மா வாசனைக்கு” என்றாள் மூத்தவள்.

“தொட்டில்ல வைப்பீங்களா?”

“தோள்ல மட்டும்தான். தூங்கினதும் கொக்கிக்குப் போயிடும்.”

அதிகாரி கொக்கிகளை ஒருமுறை பார்த்தார். “படுக்கைத் துணியைத்தான் தினமும் துவைக்கணும். உங்க தோள்ல போடற சட்டைக்கு விதி எதுவும் இல்லையே.”

இளையவளின் காதுகள் சிவந்தன.

மூத்தவள் மிளகை மெதுவாகத் தொட்டிலில் கிடத்தினாள். பிறகு திரும்பாமலே, “வாசல்ல அலாரத்தோட அம்மா அவனைக் கட்டிக்கிட்டு வந்த பை தொங்குது. எடுத்துட்டு வா” என்றாள்.

இளையவள் ஓடினாள். தோள்வார் வைத்த துணிப்பை. காலையில் அம்மாவின் நெஞ்சோடு ஒட்டி வந்தது. அதை மூத்தவளின் தோளில் அவளே போட்டுவிட்டாள். அலாரம் முகர்ந்தான். விக்கினான். இன்னொரு முறை முகர்ந்தான். ஓய்ந்தான். அவன் ஓய்ந்ததும் மற்ற இருவருக்கும் அழக் காரணம் போதாமல், முனகிக்கொண்டே கண்ணை மூடினார்கள்.

அறை அமைதியானது. அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

“அனுபவச் சலுகை கேக்கறீங்களா?”

மூத்தவள் இளையவளைப் பார்க்காமல் தலையசைத்தாள்.

“அப்ப படிச்சவங்க ஒருத்தர் சொல்லணும்.” அவர் பாதிக் கதவுப் பக்கம் திரும்பினார். “நான் ஒரே கேள்விதான் கேப்பேன். இவங்களை நம்பி ஒரு குழந்தையை விட்டுட்டுப் போவீங்களா?”

இளையவள் நான்காவது தொட்டிலைப் பார்த்தாள். அங்கே மிளகின் வாய் தூக்கத்தில் பால் குடிப்பதுபோல அசைந்தது.

“விட்டுட்டுத்தான் மேடம் இருக்கேன்” என்றாள்.

மூத்தவளுக்குக் கண் கரித்தது. கேட்காமலே கொடுத்துவிட்டாளே என்று இருந்தது. பலகையில் நீல எழுத்தில் தன் பெயர் தெரிந்தது.

“சரி, அடுத்த வாரம் உத்தரவு வரும்” என்றார் அதிகாரி எழுந்தபடி. “அதுல கையெழுத்து போட்டா நீங்கதான் பொறுப்பாளர். இந்த ரூமுக்கு மட்டும் வேற ஆள் பாத்துக்கோங்க.”

“வேற ஆளா? எதுக்கு?”

“பொறுப்பாளரை எந்த அறைக் கணக்குலயும் சேர்க்க மாட்டோம். அவங்களுக்கு முன்னால மேசை. பெற்றோரைப் பாக்கணும், எல்லாத்தையும் மேற்பார்வை பண்ணணும்.”

“நான் இவங்களைத் தூக்கக் கூடாதா?”

“தூக்காதீங்கன்னு யாரு சொன்னா? வந்து பாத்துட்டுப் போலாம். ஆனா தூங்க வைக்கறது, பால் குடுக்கறதெல்லாம் புதுசா வர்றவங்க பண்ணணும். குழந்தை ஒரே ஆளுக்குப் பழகணும் இல்லையா?”

மூத்தவள் பாதிக் கதவைப் பார்த்தாள். இளையவள் குனிந்து சக்கரம் கழன்ற மர வாத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

*

கடைசிக் குழந்தையும் வீட்டுக்குப் போன பிறகு, மூத்தவள் பின்னறைக்கு வந்தாள். இளையவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அந்தந்த அம்மாக்களிடம் திருப்பிக் கொடுத்து, வேறு சட்டை வாங்க வேண்டும்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றாள் மூத்தவள்.

“எது அக்கா?”

“பொறுப்பாளரா ஆனா இந்த ரூம் இல்லைன்னு.”

இளையவள் ஒரு சட்டையின் கையை நீவிவிட்டாள். “தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொன்னியா?”

“நீங்க ஆசைப்பட்டதைத்தானே சொன்னேன். பொய்யா சொன்னேன்?”

“பொய் இல்ல. பொய்யா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடுவேன்.”

மிளகு பெரியம்மாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். மூத்தவளின் கைகள் தாமாகவே எழுந்தன. இளையவள் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“இந்தச் சாம்பல் சட்டைக்காகவா மத்த மூணையும் துவைச்சே?” என்று மூத்தவள் கேட்டாள்.

“ஒண்ணை மட்டும் துவைச்சா தெரிஞ்சிடுமேன்னுதான்.”

அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று மூத்தவள் எதிர்பார்க்கவில்லை.

“நேத்து சாயங்காலம் இவளைத் தூக்க வந்தேன்” என்றாள் இளையவள். “இவ அந்தச் சட்டையைப் பாத்துக் கையை நீட்டினா. நான் எதிர்ல நிக்கறேன். என்னைப் பாக்கல. சட்டையைப் பாத்து நீட்டினா. சொல்லியிருக்கலாமே அக்கா.”

“உன்கிட்ட சட்டை கேட்டேனே.”

“ஒரு தடவை கேட்டீங்க.”

மூத்தவள் நான்காவது கொக்கியைப் பார்த்தாள்.

“எனக்கு அப்ப தெரியல. நீங்க இன்னொரு தடவை கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.” குரல் உயரவில்லை. அவள் குரல் எப்போதுமே உயராது. “நீங்க பலகையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் இந்தக் கதவைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான்.”

மகளைத் தொட்டிலில் விட்டுவிட்டு, மேலே போட்டிருந்த பூப்போட்ட சட்டையைக் கழற்றினாள். உள்ளே ஒரு பனியன் இருந்தது. நாள் முழுக்க உடுத்திய அந்தச் சட்டையை நான்காவது கொக்கியில் மாட்டினாள். சாம்பல் சட்டையை மடித்து மூத்தவளின் கையில் கொடுத்தாள்.

“நீங்களே இந்த ரூம்ல இருந்தாலும் சரி, வேற யார் வந்தாலும் சரி, நாளைலேர்ந்து இவளுக்கு இதுதான்.”

மிளகைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். அம்மாவின் தோளுக்கு மேலிருந்து மிளகு திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

போன் அடித்தது. பெயின்டர்.

“அக்கா, பேரு முடிவாச்சா? நாளைக்கு வரட்டுமா?”

“நீங்க அடுத்த வாரம் வாங்க.”

“என்னக்கா, ஒரு பேரு எழுத இவ்வளவு யோசனையா?”

அவள் போனை வைத்தாள். பலகை இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. அந்த வெள்ளை இடத்தில் யாரோ ஒரு குழந்தை கையை வைத்திருக்க வேண்டும். சின்னதாக அழுக்கு விரல்கள் ஐந்து பதிந்திருந்தன. துடைக்கக் கையை நீட்டியவள், துடைக்காமல் மாடிக்குப் போனாள்.

கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒருவழியாக அவர் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“அவ சொல்லிட்டாளாமே. அப்புறம் என்ன, உன் இஷ்டப்படி ஆயிடுச்சு.”

“ம்.”

“சந்தோஷமா சொல்லேன்.”

மூத்தவள் சாம்பல் சட்டையை முகத்தருகே கொண்டுபோனாள். சோப்பு. சோப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதை அலமாரியில் வைக்கவில்லை. உதறி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கழுத்துவரை பட்டன் போட்டாள்.

“இந்தப் புழுக்கத்துல எதுக்கு ரெண்டு சட்டை?”

“குளிருது.”

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். அவள் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. கையை நீட்டி ஃபேனை நிறுத்தினார்.

இரண்டாவது பட்டன் இல்லாத இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். காலைக்குள் வாசனை ஏறிவிடும்.